குண்டு மிளகாய் நாற்று வீட்டுக்குள் வெளுத்துப்போகிறது: உரக் குறையா, விளக்கா?

தண்டையார்பேட்டைத்_தளிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எதையாவது சொல்லாமல் விட்டு, அதுவே காரணமாக இருந்துவிடக்கூடாது என்ற பயம்தான்.

என்னிடம் பதினொரு குண்டு மிளகாய் நாற்றும் நான்கு தக்காளி நாற்றும் இருக்கின்றன. மிளகாய் விதை முதுகுளத்தூர் பக்கம் எங்கள் அப்பத்தா வருஷா வருஷம் காயவைத்து எடுத்துவைத்தது. இரண்டு வருஷமாக முட்டி வலியால் அவர் கொல்லைக்குப் போவதில்லை. தீபாவளிக்குப் போனபோது மிச்சம் இருந்த விதையைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். மாட்டுப்பொங்கலன்று முப்பது விதை போட்டேன். பதினான்கு முளைத்தன, மூன்று தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. விதை இனி ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. இந்தப் பதினொன்றைக் காய்க்கவைத்து, விதை எடுத்து, அதே துணியில் முடிந்து அவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

வீடு தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து. தரைத்தளம். எதிர்வீட்டுச் சுவர் நாலடியில் நிற்கிறது. மாடி வீட்டுக்காரருடையது, துணி காயப்போட மட்டும் அனுமதி. அதனால் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு ரேக்கில்தான் நாற்றுகள். முதலில் மேல்தட்டில் இரண்டு 20 வாட் எல்இடி டியூப் மாட்டினேன். நாற்றுக்கும் டியூபுக்கும் நடுவே இரண்டரை அடி. மூன்றாவது வாரம் எல்லாம் நூல் மாதிரி நீண்டு ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தன.

வெளிச்சம் போதவில்லை என்று புரிந்தது. ஆன்லைனில் "1000 வாட்" என்று போட்டிருந்த ஊதா நிற விளக்கு ஒன்று வாங்கினேன். அதை அரையடி உயரத்தில் கட்டினேன். சீக்கிரம் தேறட்டும் என்று ராத்திரியும் அணைக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது.

இப்போதைய நிலை இது:

மிளகாயில் உச்சி இலைகள் வெளுத்துவிட்டன. மஞ்சள்கூட இல்லை, கஞ்சி படிந்த துணி மாதிரி ஒரு வெளுப்பு. விளிம்பு மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம்போல் இருக்கிறது. நடுவில் இருப்பவை அதிகமாக, ஓரத்து மூன்று செடிகள் குறைவாக. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்கிறது, நரம்புக்கு நடுவே மஞ்சள். நுனிகள் பழுப்பாகக் கருகியிருக்கின்றன. தக்காளியில் எல்லா இலையிலும் திட்டுத்திட்டாக மஞ்சள்.

மண் இல்லை, கோகோபீட்தான் (தேங்காய் நார்த்தூள்). கட்டியை ஊறவைத்துப் பிழிந்து அப்படியே நிரப்பினேன். தண்ணீர் ஆர்ஓ மெஷினிலிருந்து, ஏனென்றால் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் இருக்கும் கரையும் உரம்), ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு நாளுக்கு ஒருமுறை. வெளுக்க ஆரம்பித்ததும் பசி என்று நினைத்து அதையே தினமும் ஊற்றினேன், நான்கு நாள்.

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர் எனக்காக மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசல்) போட்டு வைத்திருக்கிறார். அதை ஊற்றலாமா? இல்லை எப்சம் உப்பா (மக்னீசியம் சல்பேட்)? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராயபுரம்_மாடி எழுதியது:

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் கீழ் இலையில் என்றால் மக்னீசியம் குறை. எனக்கும் இப்படி வந்திருக்கிறது. எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து ஊற்றுங்கள், ஒரு வாரத்தில் தெரியும். ஆர்ஓ தண்ணீரில் எந்தச் சத்தும் கிடையாது, அதுதான் காரணம்.


பெரம்பூர்_ஓய்வு எழுதியது:

அம்மா, இன்றைக்கு எதையும் ஊற்றாதீர்கள். மீன் அமிலமும் வேண்டாம், எப்சமும் வேண்டாம். ராயபுரம் தம்பி சொன்ன அடையாளம் சரிதான், கீழ் இலையில் தெரிவது மக்னீசியம் குறையேதான். ஆனால் தொட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இன்னொரு உப்பைச் சேர்த்தால் வேர் தாங்காது.

நான் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படுக்கையறை ரேக்கில் நாற்று விட்டு மொட்டைமாடிக்கு ஏற்றுவது எட்டு வருஷப் பழக்கம். உங்கள் பதிவைப் படித்தபோது 2019 ஞாபகம் வந்தது. அந்தக் கோடையில் ஏரிகள் வறண்டு, நாங்கள் குடத்தோடு லாரிக்கு நின்றோம். ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துக் கத்தரி நாற்றுக்கு ஊற்றினேன். இலை நுனி கருகியது. சத்துக் குறை என்று உரம் போட்டேன். அப்புறம் இன்னும் கருகியது, இன்னும் போட்டேன். ஒரு தட்டு நாற்று முழுக்கப் போயிற்று. அது பசி இல்லை, உப்பு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை செடி செலவானது. உங்களிடம் இருப்பது பதினொன்று, அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு நோய் இல்லை, மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. பிரித்துப் பார்க்க மூன்று அளவு வேண்டும்.

முதலாவது, தொட்டியின் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்குங்கள் அல்லது ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் இருக்கும், கேளுங்கள். நனைந்த தொட்டியில் மெதுவாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவதைத் தட்டில் பிடித்து அளவெடுங்கள். ஆர்ஓ தண்ணீரையும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரையும் தனித்தனியாக அளவெடுங்கள்.

இரண்டாவது, டியூப் வெளிச்சம். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டு, போனை நாற்று உச்சி உயரத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். ஊதா விளக்குக்கு இது சரிவராது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, கண் பச்சையைத்தான் அதிகம் பார்க்கும். சிவப்பும் நீலமும் மட்டும் கொட்டும் விளக்கில் லக்ஸ் குறைவாகக் காட்டும், செடியோ முழுவதையும் வாங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, அந்த "1000 வாட்" உண்மையில் எத்தனை வாட். இதற்குக் கருவி வேண்டாம். உங்கள் மின்மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, அந்த விளக்கு மட்டும் எரியப் பத்து நிமிஷம் எண்ணுங்கள்.

அளவெடுக்கும்வரை ஒன்று மட்டும் செய்துவிடுங்கள்: இன்று ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். தக்காளி 24 மணி நேர வெளிச்சத்தைத் தாங்காத செடி. இருட்டே கொடுக்காமல் வளர்த்தால் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், அதற்கு எந்த உரமும் மருந்தில்லை. நீங்கள் சொன்ன தக்காளி இலையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மிளகாய் அதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் தூக்கம் வேண்டும்.


தண்டையார்பேட்டைத்_தளிர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நேற்று ராத்திரி அணைத்துவிட்டேன். அந்த ஊதா வெளிச்சம் இல்லாமல் நாங்களும் பல நாளுக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினோம்.

டிடிஎஸ்: ஆர்ஓ 28. மெட்ரோ தண்ணீர் 310. நடுவில் இருக்கும் மிளகாய்த் தொட்டியில் வடிந்தது 1,480. ஓரத்துத் தொட்டியில் 1,390. பேனாவைக் கழுவி இரண்டு தடவை பார்த்தேன், அதேதான்.

லக்ஸ்: டியூப் மட்டும் எரியும்போது, பழைய இரண்டரை அடித் தூரத்தில் 1,400.

மீட்டர்: 3200 என்றுதான் போட்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் 51 சிமிட்டல். என் தம்பியும் நானும் தனித்தனியாக எண்ணினோம். கணக்குப் போட்டால் 96 வாட் வருகிறது. ஆயிரம் இல்லையா?

உங்கள் கத்தரி நாற்றுக் கதையைப் படித்தபோது நான் தினமும் உரம் ஊற்றிய அந்த நான்கு நாள்தான் கண்முன் வந்தது.


பெரம்பூர்_ஓய்வு எழுதியது:

கணக்கு சரி மா. 51ஐ 3200ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 0.0956 கிலோவாட். 96 வாட்தான். இந்த வகை விளக்குகளில் பெட்டியில் போடும் எண் வேறு, இழுக்கும் மின்சாரம் வேறு. ஆனால் அதற்காக அதை லேசாக எண்ணிவிடாதீர்கள். 96 வாட்டை அரையடியில் இருந்து ஐந்து வாரக் குழந்தைச் செடிமேல் 24 மணி நேரம் கொட்டியிருக்கிறீர்கள்.

இப்போது இலையைப் படிப்போம். நான் எப்போதும் முதலில் பார்ப்பது எந்த இலை என்பதைத்தான், நிறத்தை அப்புறம்தான் பார்ப்பேன். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இந்த நான்கும் செடிக்குள் நகரும். பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் இவற்றின் குறை கீழிலிருந்து தொடங்கும். சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) இரும்பும் நகராது. போன இடத்தில் உட்கார்ந்துவிடும். அவற்றின் குறை உச்சித் தளிரில்தான் முதலில் தெரியும்.

கீழ் இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்து. கீழ் இலையில் நரம்பு மட்டும் பச்சை என்றால் மக்னீசியம். கீழ் இலை விளிம்பு மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்து. இலையின் அடி ஊதாவாக மாறினால் மணிச்சத்து. உச்சி இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு. உச்சித் தளிர் கோணிச் சுருங்கி, நுனி செத்தால் சுண்ணாம்பு. முதலில் முளைத்த அந்த இரண்டு விதையிலை மஞ்சளாகி உதிர்வது இயற்கை, அதற்குக் கவலை வேண்டாம்.

உங்கள் உச்சி இலை வெளுத்திருக்கிறதே, அது இரும்பா? இல்லை. இரும்பு என்றால் நரம்பு பச்சையாக நிற்கும். நீங்கள் "கஞ்சி படிந்த துணி" என்று எழுதியிருக்கிறீர்கள், நரம்பும் சேர்ந்தே வெளுத்திருக்கிறது. அதோடு, விளக்குக்கு நேர் கீழே இருப்பவை அதிகம், ஓரத்தில் இருப்பவை குறைவு என்றீர்களே, அதுதான் பெரிய சாட்சி. ஓரத்துத் தொட்டியிலும் கிட்டத்தட்ட அதே உப்பு, அதே தண்ணீர். மாறுவது வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே அது விளக்கு சுட்டது. கிண்ணம்போல் மடங்குவதும் இலை தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்ப்பதுதான். ஓரத்து மூன்று செடியைப் பிரித்துச் சொன்னீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரி இல்லையென்றால் நானும் இரும்பு என்று சொல்லி உங்களைத் தப்பான கடைக்கு அனுப்பியிருப்பேன்.

கீழ் இலை விஷயம் கோகோபீட்டில் தொடங்குகிறது. கழுவாத கோகோபீட்டில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். நாரை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட இடத்துச் சரக்கு என்றால் இன்னும் அதிகம். அந்த நார்த்தூள் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் அவிழ்த்துவிடும். நீங்கள் ஊற்றிய ஆர்ஓ தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கிட்டத்தட்டக் கிடையாது. 19:19:19இலும் அவை இரண்டும் இல்லை, அதில் இன்னும் பொட்டாசியம்தான் இருக்கிறது. இத்தனை பொட்டாசியம் வேர் வாசலில் நெரிசல் பண்ணும்போது, இருக்கும் கொஞ்சம் மக்னீசியமும் உள்ளே போக வழியில்லை. ஒரு டீஸ்பூன் என்பது ஐந்து கிராமுக்குக் குறையாது. நாற்றுக்கு லிட்டருக்கு அரை கிராமே போதும். வடிநீர் 1,480 காட்டுவது இதெல்லாம் சேர்ந்த கணக்கு. நுனிக் கருகலும் அதே.

ஆகவே வரிசை இப்படி வையுங்கள்.

முதலில் கழுவுங்கள். மெட்ரோ தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி திறந்து வைத்து எடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு, அவசரமில்லாமல் மெல்ல ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வடிவது 500க்குக் கீழே வரும்வரை. ஆர்ஓ தண்ணீரால் கழுவவேண்டாம், மெட்ரோ தண்ணீரின் 310இல் கொஞ்சம் சுண்ணாம்பும் மக்னீசியமும் உண்டு, அது இப்போது உங்களுக்குத் தேவை. அடிபம்பு வேண்டவே வேண்டாம். நம் வடசென்னைக் கடலோரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும், மீஞ்சூர் வரைக்கும் அந்தக் கதைதான்.

கழுவியபின் தொட்டி கனமாக இருக்கும். மேல் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்து முடிவெடுங்கள். நனைந்தே கிடந்தால் வேருக்குக் காற்றில்லாமல் இலை தொங்கும், அதைப் பார்த்துத் தாகம் என்று மறுபடி ஊற்றுவார்கள். உங்களுக்கு ஆரம்பத்தில் மூன்று நாற்று அழுகியதும் அந்த ஈரத்தால் இருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து எப்சம். ராயபுரம் தம்பி சொன்ன அதே ஒரு கிராம்தான், ஆனால் வேரில் ஊற்றாமல் இலையில் தெளியுங்கள், விளக்கு அணைந்தபின். இலை வழியாகப் போவதற்கு வேர் வாசலில் நெரிசல் இல்லை. வாரம் ஒருமுறை, மூன்று வாரம் போதும். சுண்ணாம்புக்குக் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், தனி நாளில். அதை 19:19:19 கரைசலோடோ எப்சம் கரைசலோடோ கெட்டியாகச் சேர்த்துக் கலக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், செடிக்கு ஒன்றும் போகாது.

அடுத்தமுறை கோகோபீட்டை இப்படிச் செய்யுங்கள்: தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஐந்து கிலோ கட்டிக்கு நூறு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி ஒருமுறை அலசுங்கள். நான் செய்யும் அளவு இது.

விளக்குக்கு வருகிறேன். செடிக்கான வெளிச்சத்தை மைக்ரோமோல் என்ற அளவில் சொல்வார்கள். வெள்ளை எல்இடியில் லக்ஸை 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய அது வரும். உங்கள் 1,400 லக்ஸ் என்பது 20 மைக்ரோமோல். நாற்றுக்கு 150 முதல் 250 நல்லது, 120 இருந்தாலும் தண்டு நிமிரும். ஆகவே அவை நூலாக நீண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் டியூபின்மேல் குற்றமில்லை, தூரம்தான் குற்றம். அதே இரண்டு டியூபை அரையடிக்கு இறக்கிப் பாருங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் செடி வளர வளர ஒரு கண்ணி ஏற்றிக்கொள்ளலாம். ரேக்கின் பக்கவாட்டில் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். பதினாறு மணி நேரம் எரியட்டும், எட்டு மணி நேரம் இருட்டு. சுவரில் செருகும் டைமர் வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

ஊதா விளக்கை எடுத்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். செடிக்கு அது கெட்ட விளக்கு இல்லை. ஆனால் அந்த நிறத்தில் இலையின் உண்மையான நிறம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் எது, பச்சை எது என்று தினமும் பார்க்க முடியாமல்தான் இத்தனை நாள் போய்விட்டது. செலவும் பாருங்கள்: 96 வாட் நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 138 யூனிட். இரண்டு டியூப் பதினாறு மணி நேரம் என்றால் 38 யூனிட்.

மீன் அமிலம் நல்ல பொருள்தான், மாடித் தொட்டி மண்ணில் நானும் ஊற்றுகிறேன். ஆனால் அது நுண்ணுயிர் சிதைத்துக் கொடுக்கும் சத்து. புதுக் கோகோபீட்டில் அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. அதோடு ஒற்றை அறையில் அந்த வாடை ஈயைக் கூப்பிடும். அந்த அக்காவிடம் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், செடி மண்ணுக்கு மாறியதும் தேவைப்படும்.


எண்ணூர்_உப்புக்காற்று எழுதியது:

பெரம்பூர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தங்கச்சி, மிளகாய் இலை மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேனையும் சந்தேகப்படவேண்டும். கீழ்நோக்கி மடங்கினால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன். வீட்டுக்குள் வளர்ப்பதால் வராது என்று நினைக்காதீர்கள். மார்க்கெட் கீரைக் கட்டோடு எனக்கு வந்தது.

வெள்ளைத் தாளை அடியில் பிடித்து உச்சி இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கோடு மாதிரி சின்னதாக ஏதாவது நகர்ந்தால் இலைப்பேன். இலையின் அடியில் வெள்ளிபோல் சுரண்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூன்று மில்லி, இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசலோடு, விளக்கு அணைந்தபின். விளக்கு எரியும்போது தெளித்து ஒரு தட்டையே நான் கருக்கியிருக்கிறேன். பூச்சி இல்லையென்றால் எதுவும் தெளிக்காதீர்கள், வெந்த இலைக்கு எண்ணெய் இன்னும் பாரம்.


தண்டையார்பேட்டைத்_தளிர் எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, தாளில் தட்டிப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன். அதனால் எண்ணெய் தெளிக்கவில்லை.

ஐயா, கழுவுவதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. முதல் வடிநீர் டீ மாதிரி பழுப்பு. மூன்றாவது முறை ஊற்றும்போதுதான் 620க்கு வந்தது, ஐந்தாவதில் 440. அதற்கப்புறம் நான்கு நாள் தொட்டி கனமாகவே இருந்ததால் தண்ணீர் காட்டவில்லை. கை துறுதுறுவென்று இருந்தது. தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டேன்.

அரையடியில் டியூப் 9,000 லக்ஸ் காட்டுகிறது. உங்கள் கணக்குப்படி 128. டைமர் காலை ஆறு மணிக்கு எரியவைத்து ராத்திரி பத்துக்கு அணைக்கிறது. சின்ன மேஜை ஃபேன் ஒன்றை எதிரில் வைத்தேன். தண்டு இப்போது பென்சில் முள்ளைவிடக் கொஞ்சம் பருமன்.

வெளுத்த இலைகள் வெளுத்தபடியேதான் இருக்கின்றன. அவை பச்சையாகும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன், ஆகவில்லை. ஆனால் அவற்றுக்குமேல் வந்த புது இலைகள் ஒவ்வொன்றும் விரல் நக அளவில், கரும்பச்சையாக, தட்டையாக விரிகின்றன. கீழ் இலை மஞ்சள் அதற்குமேல் ஏறவில்லை. தக்காளியில் மூன்று தேறிவிட்டன. நீண்ட தண்டைக் கழுத்துவரை புதைத்து வைத்தேன், வேர் விட்டிருக்கிறது.

மிளகாயில் பதினொன்றில் எட்டு நிற்கின்றன. விளக்குக்கு நேர் கீழே இருந்த மூன்றும் போய்விட்டன. அவற்றை எடுத்துப் போடும்போது அழுதேன். அப்பத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எட்டு போதும்டி, நான் ஒத்தச் செடியிலருந்து பெருக்குனவ" என்றார்.

ஒரு கேள்வி மட்டும். வீட்டுக்காரரம்மா இந்தச் செடியை வந்து பார்த்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எட்டுத் தொட்டி வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். எப்போது ஏற்றலாம்? தக்காளியைப் புதைத்தமாதிரி மிளகாயையும் புதைக்கலாமா?


பெரம்பூர்_ஓய்வு எழுதியது:

எட்டு நல்ல எண்ணிக்கை மா. அந்த வெளுத்த இலையைக் கிள்ளாதீர்கள். அதில் மிச்சம் இருக்கும் பச்சை இன்னும் கொஞ்சம் சமைத்துக் கொடுக்கும், காய்ந்தால் தானே விழட்டும்.

மிளகாயைக் கழுத்துவரை புதைக்காதீர்கள். தக்காளி தண்டெல்லாம் வேர் விடும், மிளகாய் அந்த அளவுக்கு விடாது, ஆழம் போனால் அழுகும். விதையிலை இருந்த கணுவுக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள்.

விதையிலைக்கு அப்புறம் வரும் உண்மை இலை எட்டு ஆனதும் ஏற்றலாம். ஒரேயடியாக வேண்டாம். டியூபில் 9,000 லக்ஸ் பார்த்த செடிக்கு மாடி வெயில் 80,000, ஒரு லட்சம் என்று இருக்கும். முதல் இரண்டு நாள் காலை ஏழிலிருந்து எட்டு வரை மட்டும், அப்புறம் தினமும் அரை மணி கூட்டுங்கள். பத்து நாள் ஆகட்டும். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் வையுங்கள், மதியத்துக்குமேல் அதன் நிழல் விழும். கத்திரி வெயிலுக்கு முன்னால் ஐம்பது சதவீத நிழல்வலை ஒன்று கட்டிவிடுங்கள். உங்கள் பக்கம் கடல்காற்றில் உப்பு படியும், வாரம் ஒருநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

விதைக்கு இரண்டு செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்து மாடியில் யாராவது வேறு மிளகாய் வைத்திருந்தால் தேனீ கலந்துவிடும். பூ விரியும் முன்னால் மொட்டோடு ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, தினமும் லேசாக ஆட்டிவிடுங்கள், தன் பூவிலேயே காய் பிடிக்கும். பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காய்க்குச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அந்த நூல் கட்டிய காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.